நிஜாம் நாலாவது வாரமே சொல்லிவிட்டான்

சென்னையில் எங்கள் அடுக்ககத்தில் பொங்கலுக்கு மறுநாள் தம்போலா ஆடுவது வழக்கம். இந்த வருடம் பையிலிருந்து எண் எடுத்துக் கூப்பிடும் வேலையைச் செயலாளர் என் தலையில் கட்டினார். "சார்தான் நல்லா சத்தமா பேசுவாரு" என்றார். அது பாராட்டா புகாரா என்று தெரியவில்லை. கறுப்புத் துணிப்பையை வாங்கி உள்ளே கையை விட்டேன். அந்துருண்டை வாசனையும் பழைய மரத்தின் வாசனையும் கலந்து மேலே வந்தன. மரக்காசுகள் விரல் நடுவே உருண்டன. கை அப்படியே உள்ளே நின்றுவிட்டது. எதிரே முப்பது பேர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். "என்ன சார், பைக்குள்ள பாம்பா?" என்று யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அவசரத்தில் ஒரு காசை எடுத்துப் பதினேழு என்று கூவினேன். கையில் இருந்தது எழுபத்தொன்று. அதை முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் கண்டுபிடித்துச் சண்டைக்கு வந்துவிட்டார்.

பைக்குள் இருந்தது சிதம்பரத்தில் ஒரு மாடி அறை. அதை உங்களிடம் சொல்லிவிட்டால் எனக்குக் கொஞ்சம் லேசாகும் என்று நினைக்கிறேன். ஆகாமலும் போகலாம்.

அண்ணாமலை நகரில் கலைச்செல்வியின் அப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலே தாள் கட்டுகள் அடுக்கிய ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. மதியச் சாப்பாடு முடிந்ததும் நாங்கள் நாலு பேர் அங்கே கூடுவோம். கலை, பாலு, நிஜாம், நான். கல்லூரியில் ஒரே வகுப்பு. படிப்பு முடிந்து, அந்தப் படிப்புக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்துகொண்ட வயது. கலை ஒரு நர்சரிப் பள்ளியில் 'அ' எழுதக் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தாள். பாலு ஒரு விடுதியின் சமையல் ஸ்டோரில் பருப்பு மூட்டைகளுக்குக் காவல். நிஜாம் பரங்கிப்பேட்டையில் அவன் பெரியப்பாவின் இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக் கொடுத்தான். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு டுடோரியலில், கணக்கில் பெயிலானவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர்களும் அங்கிருந்து தப்பிக்க வழி பார்த்தார்கள், நானும் பார்த்தேன். அவர்களில் பாதிப்பேர் தப்பித்தார்கள்.

அந்த அறையில் நாங்கள் ஆடியது ஒரு கதை விளையாட்டு. பலகை கிடையாது, சீட்டு கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தன் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதை மட்டும் அதிர்ஷ்டம் தீர்மானிக்கும். இதற்கு நானூறு பக்கத்தில் ஆங்கில விதிப்புத்தகம் ஒன்று கம்ப்யூட்டரில் கிடைத்தது. கலை அதை, அப்பா கண்ணில் படாமல், வீணாய்ப்போன தாள்களின் பின்பக்கத்தில் அச்செடுத்தாள். ஒரு பக்கம் டிராகனின் பலம், மறுபக்கம் யாரோ ஒருவருடைய விவசாய ஆராய்ச்சி. பாலு ஒருமுறை பக்கத்தை மாற்றிப் படித்துவிட்டு, குருத்துப்பூச்சி தண்டைத் துளைத்து உள்ளே போகும், அதனால் தன் கவசம் செல்லாது என்று அரைமணி நேரம் வாதாடினான். அதற்குப் பிறகு எங்கள் கதையில் டிராகன் வரவேயில்லை, ஆள் உயரக் குருத்துப்பூச்சிதான் வந்தது.

இருபது முகப் பகடை வேண்டும் என்று புத்தகம் சொன்னது. அதற்கு நாங்கள் எங்கே போவோம்? கலை அவள் அத்தை வீட்டுத் தம்போலாவிலிருந்து ஒன்று முதல் இருபது வரை பொறுக்கி ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். பெரிய எண் வந்தால் காரியம் பலிக்கும். அந்த அத்தை வீட்டில் அதன்பிறகு தம்போலா ஆடவே முடியவில்லையாம்.

கதை சொல்வது நான். வேறு யார்? பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டில் கல்லூரியில் ஒருமுறை படகில் போய், வாந்தி எடுத்தவன் நான். ஆனால் கதைக்கு அந்த இடத்தை விட்டால் வேறு இடமில்லை என்று தோன்றிவிட்டது. காட்டுக்கு நடுவில், கழிமுகத்தில் ஒரு பாழடைந்த கோட்டை. மூன்று பயணிகள் அதற்குள் மாட்டிக்கொள்கிறார்கள். சுற்றிலும் தண்ணீர். கடல் ஓதம் ஏறி இறங்கும்போதெல்லாம் கால்வாய்கள் இடம் மாறிவிடும், வந்த வழி இருக்காது. ஆறு நாள் வேலையில் மாட்டிக்கொண்டிருந்துவிட்டு ஏழாவது நாளும் மாட்டிக்கொள்வதற்கு ஒரு கதை கட்டினேன் பாருங்கள், அதுதான் என் புத்தி. கோட்டையில் அவர்களுக்கு இரண்டே துணை. காயத்துக்குப் பச்சிலை கட்டும் ஒரு மருத்துவச்சி. தினமும் படகில் சோறும் கருவாடும் கொண்டுவரும் ஓடக்காரர்.

ஓடக்காரர் என் செல்லப்பிள்ளை. அவருக்காகக் கொஞ்சம் கரகரத்த குரல் ஒன்று வைத்திருந்தேன். எல்லாரையும் தம்பி, தங்கச்சி என்பார். சாப்பிட்டீங்களா என்று கேட்காமல் போகமாட்டார். அவர்தான் அவர்களை அங்கே அடைத்து வைத்திருப்பவர். என் நோட்டின் முதல் பக்கத்தில் 'ஓடக்காரன்தான்' என்று எழுதிக் கோடும் போட்டிருந்தேன். இருபது வாரம் கழித்து அந்த உண்மையைப் போட்டு உடைப்பதாகத் திட்டம். அப்போது மூன்று பேர் முகமும் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தே பல ராத்திரிகளை ஓட்டியிருக்கிறேன்.

நிஜாமைப் பற்றி முன்பே யோசித்திருக்க வேண்டும். அவனோடு சினிமாவுக்குப் போவது சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது. இடைவேளைக்கு முன்னாலேயே, "எனக்கென்னமோ அந்த சித்தப்பா மேலதான் மச்சான் சந்தேகம்" என்பான். சித்தப்பாவாகத்தான் இருக்கும். முன்சீட்டுக்காரர் திரும்பி முறைப்பார். எப்படிடா என்று கேட்டால், "ஆளு ஜாஸ்தி சிரிக்கிறாரு, வேல ஒன்னும் இல்ல" என்பான். கடையில் ஒருவர் ஆணி கேட்கும் விதத்தை வைத்தே அவர் வீடு கட்டுகிறாரா, பக்கத்து வீட்டுச் சுவரில் கைவைக்கப் போகிறாரா என்று சொல்வான். அவன் பெரியப்பாவே கடன் கேட்டு வருகிறவர்களை அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்.

நாலாவது ஞாயிறு. ஐப்பசி மழை. ஜன்னலைச் சாத்தி, தாள் கட்டுகளின் மேல் சாக்கைப் போர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஓடக்காரர் வந்து சோற்றை இறக்கிவிட்டுப் போனார்.

"எனக்கென்னமோ இந்த ஓடக்காரர் மேலதான் சந்தேகமா இருக்கு மச்சான்" என்றான் நிஜாம்.

"சோறு போடுற மனுசன்டா" என்றான் பாலு.

"அதான் சொல்றேன். ஓதம் ஏறுனாலும் வர்றாரு, எறங்குனாலும் வர்றாரு. வழி மாறிக்கிட்டே இருக்குன்னா அவருக்கு மட்டும் எப்படித் தெரியுது? ஒருவாட்டியாவது 'ஏறிக்கங்க தம்பி'ன்னு சொன்னாரா? சாப்டீங்களான்னு மட்டும் கேக்குறாரு."

கலை என் முகத்தைப் பார்த்தாள். நான் எதையோ தேடுகிறவன் போலக் குனிந்து தாள்களைப் புரட்டினேன். காது சூடாகிவிட்டது. "பாப்போம், பாப்போம்" என்றேன். மழை ஜாஸ்தியாகுது, பஸ் கிடைக்காது என்று சொல்லி அன்றைக்கு ஆட்டத்தைச் சீக்கிரமே முடித்தேன்.

கடலூர் பஸ்ஸில் ஜன்னல் ஷட்டர் வழியாகத் தண்ணீர் ஒழுகி என் மடியில் விழுந்துகொண்டிருந்தது. புதுச்சத்திரம் வரைக்கும் நிஜாம் மேல் கோபம். மீதிப் பதினாறு வாரத்துக்கு நான் கட்டி வைத்திருந்ததை ஒரு பீடி பற்றவைக்கிற நேரத்தில் ஊதித் தள்ளிவிட்டானே. ஆலப்பாக்கம் வரை யோசனை. அவன் சொன்னது சரிதான் என்று ஒத்துக்கொண்டால் கதை அங்கேயே முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியாது என்பது இப்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை. கடலூர் வரும்போது முடிவெடுத்துவிட்டேன். அறைக்குப் போனதும் நோட்டில் அந்த வரியின் மேல் வெள்ளைத் தாளைக் கிழித்து ஒட்டி, 'மருத்துவச்சி' என்று எழுதினேன். எழுதிவிட்டு என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். கதை சொல்கிறவன் கையில்தானே எல்லாம் இருக்கிறது, யார் கேட்கப்போகிறார்கள்?

அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அடுத்த வாரம் நிஜாம் தன் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளப் போனான். ஓடக்காரரைப் படித்துறைத் தூணில் கட்டிப்போட்டு வழி கேட்பது என்று திட்டம். பைக்குள் கைவிட்டான், பத்தொன்பது வந்தது. கட்டிவிட்டான். நான் ஓதத்தை ஏற்றினேன். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. முடிச்சை அவிழ்க்கக் கலை பைக்குள் கைவிட்டாள், இரண்டு வந்தது. அந்தக் கரகரத்த குரலில் ஓடக்காரரைக் கடைசியாகப் பேசவைத்தேன். "எம் படகு ஒத்த ஆளுக்குத்தான் தாங்கும் தம்பி. யாரக் கூப்புடுறது, யார வுடுறது? அதான் யாரையும் கூப்புடல." அவர் மூழ்கிப்போனார்.

கலை அழுதுவிட்டாள். பாலு, "சோறு போட்ட கையக் கட்டிக் கொன்னுட்டியேடா பாவி" என்றான். நிஜாம் உள்ளங்கையில் அந்தப் பத்தொன்பதை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தான். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

அதற்குப் பிறகு அவனுக்குச் 'சந்தேகக் கேஸ்' என்று பெயராகிவிட்டது. டீ வரத் தாமதமானால், "டீக்காரர் மேல சந்தேகமா நிஜாம்?" என்பான் பாலு. கலையும் சிரிப்பாள். நானும்தான். அவன் கதையில் எதையாவது ஊகிக்க வாயெடுப்பான், எங்களைப் பார்ப்பான், மூடிக்கொள்வான். ஒருநாள், "நீயே சொல்லு கலை, நான் சொன்னா தப்பாத்தான் போவும்" என்றான். விளையாட்டாகச் சொல்கிறான் என்று நினைத்தோம். கொஞ்ச நாளில் சினிமாவுக்குப் போனாலும் இடைவேளையில் பேசாமல் முறுக்குத் தின்னும் ஆளாகிவிட்டான். முன்சீட்டுக்காரர்களுக்கு நிம்மதி.

என் பாடுதான் திண்டாட்டம். ஓடக்காரர் போனபிறகு கோட்டைக்குள் சோறு ஏது? மீன் பிடிக்கவைத்தேன், நண்டு பிடிக்கவைத்தேன், கடைசியில் குருத்துப்பூச்சியைச் சுட்டுத் தின்னவும் வைத்தேன். அந்த மருத்துவச்சி பாவம், ஒரு தப்பும் செய்யாதவள். அவளைப் பொல்லாதவளாக்க நான் போட்ட ஒவ்வொரு முடிச்சும் என் கழுத்தில்தான் விழுந்தது. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வாராவாரம் பஸ் ஏறிப்போய் அதற்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று முட்லூர் தாண்டும்போதெல்லாம் தோன்றும். மாடிப்படி ஏறியதும் வாய் அடைத்துக்கொள்ளும். ஓடக்காரரைக் கொன்றது நான் என்று ஆகிவிடுமே.

பங்குனியில் ஒரு ஞாயிறு, ஆட்டம் முடிந்து சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நானும் நிஜாமும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவன் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் வெளிநாட்டில்தான். அவனுக்கும் ஓர் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அவன் தாய்மாமா ஓர் ஏஜென்ட்டைக் கூட்டிவந்திருந்தார். வளைகுடாவில் ஒரு கடையில் ஸ்டோர் கீப்பர் வேலையாம்.

"காயிதமெல்லாம் ஏர்போர்ட்லதான் தருவேங்கறாரு" என்றான் நிஜாம். "இதுக்கு முன்னால நீங்க அனுப்புன ஆளு நம்பர் ஒன்னு குடுங்க, பேசிப் பாக்குறேன்னேன். சிரிக்கிறாரு. உம்மாவப் பாத்து 'சாப்டீங்களா'ங்கறாரு. எனக்கென்னமோ சரியாப் படல மச்சான்."

நான் பதில் சொல்வதற்குள் அவனே சிரித்துவிட்டான். "வுடு. என் சந்தேகம் என்னிக்கி சரியா இருந்துருக்கு? சோறு போட்ட மனுசனக் கட்டிப்போட்டுக் கொன்னவன்தான நானு."

ஒரே ஒரு வரி போதும். 'நீ சொன்னதுதான்டா சரி, நான்தான் மாத்திட்டேன்.' அது வாய் வரை வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "ஆமா, நீ சந்தேகக் கேஸுதான்" என்றேன். அவன் என் தோளில் தட்டிச் சிரித்தான். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

ஒரு விளையாட்டை நம்பி யாரும் விமானம் ஏறுவதில்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். தெருவே போகும்போது அவனும் போயிருப்பான், மாமா விடமாட்டார், உம்மா ஆசைப்பட்டார்கள். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். இருந்தாலும் அவன் கேட்டது என்னிடம்.

ரம்ஜான் முடிந்து போனான். ஆட்டம் அத்தோடு நின்றது. அந்தக் கோட்டையில் மூன்று பேரும் இன்னும் அப்படியே இருக்கிறார்கள், யாரும் வெளியே கூட்டி வரவில்லை. கலைக்குத் திருவந்திபுரம் மலைக்கோயிலில் கல்யாணம் நடந்தது. ஒரே முகூர்த்தத்தில் மலையெல்லாம் கல்யாணக் கூட்டம். தவறான மணமகனுக்கு மொய்க்கவரை நீட்டப்போன பாலுவை இழுத்துவந்தோம். அங்கேதான் நிஜாமின் மாமாவைப் பார்த்த யாரோ சொல்லி விஷயம் தெரிந்தது. கடையும் இல்லை, ஸ்டோரும் இல்லை. பாலைவனத்தில் ஓர் ஆட்டுப் பண்ணை. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாதம் ஒருமுறை யாருடைய போனிலோ இரண்டு நிமிடம் பேசுகிறான். அன்றைக்குப் பந்தியில் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது.

இரண்டரை வருடம். அங்கிருந்த நம்மூர்ச் சங்கத்துக்காரர்கள் தூதரகத்துக்கு நடையாய் நடந்து மீட்டு அனுப்பினார்கள். வந்து சில மாதம் அவன் யாரையும் பார்க்கவில்லை. பிறகு மறுபடியும் பெரியப்பாவின் இரும்புக் கடை. ஒரு முற்பகல் நான் போனபோது ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான். முன்மண்டையில் முடி போய், கறுத்து, இளைத்திருந்தான். "வா மச்சான்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டான். டீ வந்தது. அவனேதான் சொன்னான்.

"தகரக் கொட்டாயில ஆறு பேரு. சுத்தி ஒன்னும் கெடையாது, மணலு. வாரத்துக்கு ஒருவாட்டி ஒரு வண்டி வரும். அரிசி, வெங்காயம், தண்ணி. அத ஓட்டிக்கிட்டு வர்றவன்தான் எங்கள அடைச்சி வச்சிருந்தவன். அவங்கிட்ட மூஞ்சக் காட்டவும் முடியாது. வண்டி வரலன்னா பட்டினி." கொஞ்சம் சிரித்தான். "ஒரு விசயம் சொல்றேன், கோவிச்சுக்காத. ஒன் கதைய அவுங்களுக்குச் சொன்னேன். தண்ணி பாட்டில் மூடியில நம்பர் எழுதி ஆடுனோம். ஆனா ஒன்ன மட்டும் மாத்திட்டேன் மச்சான். ஓடக்காரர வில்லனாக்கிட்டேன்."

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டாம் நாளே ராஜஸ்தான்காரன் ஒருத்தன் கண்டுபுடிச்சிட்டான். சரிதான்டா, அவன்தான்னு ஒத்துக்கிட்டேன். அடைஞ்சி கெடக்குறவங்கிட்ட என்னத்த ஒளிக்கிறது? அதுக்கப்புறந்தான் ஆட்டமே சூடு புடிச்சிது. அவன்தான்னு தெரியும், ஆனா அவன் கொண்டார்ற சோத்தத்தான் திங்கணும். எப்படி வெளிய போறதுன்னு மாசக்கணக்கா ஆடுனோம். ஒன் கதையக் கெடுத்துட்டனேன்னு இருந்துச்சி."

இருபது வாரத்துக்குக் கதை வைத்திருந்த எனக்கு அந்த ஒரு வழி தோன்றவில்லை. அவன் தகரக் கொட்டகையில் இருந்துகொண்டு அதைச் செய்திருக்கிறான், செய்துவிட்டு என்னிடம் மன்னிப்பும் கேட்கிறான். அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"நீ மாத்தல நிஜாம். மொதல்லேருந்தே அவன்தான். நீ சொன்னதும் நான்தான் மாத்திட்டேன்."

அவன் அரைக்கிலோ ஆணியைத் தராசிலிருந்து இறக்கி, தாளில் மடித்து, சணல் சுற்றி, வாசலில் நின்றவரிடம் கொடுத்து அனுப்பினான். பிறகுதான் திரும்பினான்.

"நாலாவது வாரத்துலயா?"

"ஆமா."

"பஸ் ஸ்டாண்டுல ஒங்கிட்ட சொன்னன்ல, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

தலையை ஆட்டினான். திட்டியிருந்தால் தேவலாம். "கொட்டாயில படுத்துக்கிட்டு அதயேதான் நெனப்பேன்" என்றான். "மொதல்லயே தோணுச்சே, ஏன் நம்பலன்னு. நமக்குப் புத்தி சரியில்லன்னு முடிவு பண்ணிக்கிட்டேன். கோளாறு ஒங்கிட்டதான் இருந்துருக்கு."

பாங்கு சொன்னார்கள். எழுந்து கையைத் தட்டிக்கொண்டான். "இருங்க, தொழுதுட்டு வந்துடுறேன். டீ ஆறுது பாருங்க, குடிங்க" என்றான்.

குடித்தேன். வேறென்ன செய்வது? திரும்பி வந்தான், பெரியப்பா உடம்பைப் பற்றிப் பேசினான், பஸ் நிறுத்தம் வரை வந்து ஏற்றியும் விட்டான்.

அந்த ஜெராக்ஸ் கடை இப்போது பரோட்டாக் கடை. மாடியில் மாணவர்கள் தங்கியிருக்கிறார்கள். இருபது முகப் பகடை வேண்டுமென்றால் பல நிறத்தில் வீட்டுக்கே வருகிறது. நிஜாம் என்னோடு ஒட்டுறவை விடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். பெருநாளைக்குப் பிரியாணி கொடுத்தனுப்புவான். என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது சென்னைக்கே வந்து பார்த்துவிட்டுப் போனான். "நல்லா இருக்கீங்களா, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்பான். ஒரு குறையும் சொல்ல முடியாது.

போன வருடம் பாலு சிதம்பரத்தில் வீடு கட்டிக் குடிபுகுந்தான். பந்தலில் கலையோடு பேசிக்கொண்டு நின்றிருந்தேன். பின்னால் நிஜாமின் குரல் கேட்டது, "மச்சான், இங்க வா. எனக்கென்னமோ இந்த சமையல்காரரு மேல ஒரு சந்தேகம்." நான் திரும்பிவிட்டேன். என்னைத் தாண்டிக்கொண்டு பாலு ஓடினான்.